902 மூங்கில், 129 உலோகம்: லாஸ் பின்யாஸ் ஆர்கனின் சீரமைப்பு எப்படி இருக்கிறது?

மணிலாவுக்குத் தெற்கே லாஸ் பின்யாஸ் நகரில், புனித சூசையப்பர் ஆலயத்தின் பாடகர் மாடத்தில் இருக்கிறது அந்த மூங்கில் ஆர்கன், விசையை அழுத்தினால் குழல்களில் காற்றுப் பாய்ந்து ஒலிக்கும் பெரிய கருவி. அதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் "உலகிலேயே அபூர்வமானது" என்று தொடங்கி ஒரு படத்தோடு முடித்துவிடுகிறார்கள். அது எப்படி ஒலிக்கிறது, எதனால் கெட்டது, யார் எப்படிச் சரிசெய்தார்கள், அந்த வேலை நிலைத்திருக்கிறதா என்று தேடினால் தமிழில் எளிதில் கிடைக்காது. அவற்றைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: 1973 முதல் 1975 வரை ஜெர்மனியில் நடந்த சீரமைப்பு நல்ல வேலை. 2003–04இல் லாஸ் பின்யாஸ்காரர்களே செய்த முழுப் பராமரிப்பு அதைவிடப் பெரிய வேலை. ஏன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

கருவியின் கணக்கு இது. மொத்தம் 1031 குழல்கள். அவற்றில் 902 மூங்கில், 129 உலோகம். ஒரே ஒரு விசைப்பலகை. எந்தக் குழல் வரிசை ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்க இழுக்கும் பிடிகளான ஸ்டாப்கள் 23. ஸ்பானிய மரபில் விசைப்பலகை நடுவில் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், இடது கைக்கு ஒரு குரலையும் வலது கைக்கு வேறொரு குரலையும் தேர்ந்தெடுக்கலாம். ஹார்மோனியத்தில் ஸ்டாப்பை இழுத்தால் எல்லா விசைகளின் குரலும் ஒருசேர மாறும் என்று பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்கும். இங்கே இடக்கையில் மெல்லிய குழல் அடங்கி ஒலிக்க, வலக்கையில் எக்காளம் தனிப்பாட்டு பாடும். இரண்டு விசைப்பலகைகள் செய்கிற வேலையை ஒன்றே செய்துவிடுகிறது.

கட்டியவர் பங்குத்தந்தை தியேகோ செரா. ஸ்பெயினிலிருந்து வந்த அகுஸ்தினார் ரெக்கொலெட் சபைத் துறவி. 1795இல் இந்தப் பங்குக்கு வந்து ஆலயத்தைக் கட்டி எழுப்பியவரும் அவரே. ஆர்கன் வேலையை 1816இல் தொடங்கினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகாபுல்கோவுக்கும் இடையே இரண்டரை நூற்றாண்டுகள் ஓடிய கப்பல் வணிகம் நின்றிருந்தது. ஆர்கன் குழலுக்கு வழக்கமாகப் பயன்படும் வெள்ளீயமும் காரீயமும் கடல் கடந்து வரவேண்டியவை. மூங்கிலோ கண்ணெதிரே வளர்ந்து நின்றது. 1821இல் மூங்கில் குழல்கள் அளவில் கருவி வாசிக்கத் தயாரானது. உலோக எக்காளங்களும் சேர்ந்து முழுமை பெற்றது 1824இல்.

வெட்டிய மூங்கிலை செரா உடனே குழலாக்கவில்லை. கடற்கரை மணலில் நெடுநாள் புதைத்து வைத்தார். பூச்சிக்குத் தப்பித் தேறி வந்த மூங்கிலைத்தான் வேலைக்கு எடுத்தார். இது நம் ஊர்க் கொத்தனாருக்கும் தச்சருக்கும் தெரிந்த அறிவு. தேய்பிறையில் வெட்டிக் குளத்தில் ஊறப்போட்ட மூங்கில் உளுக்காது என்பார்கள் அல்லவா, அதே காரணம். மூங்கிலை உளுக்க வைக்கிற வண்டு நாரைத் தின்ன வருவதில்லை. தண்டுக்குள் தேங்கியிருக்கும் மாவுச்சத்தும் சர்க்கரையும்தான் அதற்கு உணவு. ஈர மணலிலோ நீரிலோ கிடக்கும்போது அந்தச் சத்து புளித்துக் கரைந்து வெளியேறுகிறது. மிஞ்சுவது வண்டுக்கு வேண்டாத வெறும் நார். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக இந்தக் குழல்கள் நிற்பதற்கு முதற்காரணம் பிற்காலத்துச் சீரமைப்பு எதுவுமில்லை, அந்த மணல்தான்.

மூங்கிலில் குழல் செய்வது புல்லாங்குழல் செய்வதுபோல எளிதாகத் தோன்றும். அப்படியல்ல. புல்லாங்குழலுக்கு நல்ல கணுவிடை ஒன்று போதும். காற்றைத் திசைதிருப்ப வாசிப்பவரின் உதடு இருக்கிறது. ஆர்கன் குழலில் அந்த உதட்டையும் குழலிலேயே செதுக்கியாக வேண்டும். அடியில் காற்று நுழையும் கால், அதற்கு மேல் ஒரு மெல்லிய பிளவு, பிளவிலிருந்து தகடுபோல எழும் காற்று போய் மோதுவதற்குக் கூரான மேலுதடு. இந்தப் பிளவின் அகலம் மில்லிமீட்டரின் சிறு பின்னம்தான். மூங்கில் சற்றே கோணினாலும் காற்று உதட்டைத் தவறவிடும். குழல் "ஃப்ஃப்" என்று மூச்சு மட்டும் விடும்.

நீளத்திலும் ஒரு சிக்கல். எட்டடி வரிசை எனப்படும் அடிப்படைக் குழல் வரிசையின் மிகத் தாழ்ந்த சுரமான கீழ் 'சி' ஒலிக்கத் திறந்த குழல் ஏறக்குறைய இரண்டரை மீட்டர் இருக்க வேண்டும். அந்த நீளத்துக்குள் பல கணுக்கள் வரும். ஒவ்வொன்றின் உட்தடுப்பையும் துளைத்துச் சுத்தமாக வழிக்க வேண்டும். மிச்சம் விட்டால் உள்ளே காற்றுத்தூண் சிதறி, அடிச்சுரத்தோடு சேர்ந்தே எழும் உயர்ந்த சுரங்களான மேற்சுரங்கள் அதனோடு ஒட்டாமல் போகும். குறுக்களவு அதைவிடப் பெரிய தலைவலி. ஐரோப்பிய உலோகக் குழல்களுக்கு ஒரு பொது அளவு உண்டு. அதன்படி அந்தக் கீழ் 'சி' குழலின் உட்குறுக்களவு 155 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். உலோகத்தை வேண்டிய அகலத்துக்கு வெட்டி உருட்டிப் பற்றவைத்துவிடலாம். மூங்கிலோ தான் வளர்ந்த அளவில்தான் கிடைக்கும். எனவே குவியலில் ஒவ்வொன்றாக எடுத்து அளந்து, இது இந்தச் சுரத்துக்கு ஆகும், அது அடுத்ததற்கு ஆகும் என்று வரிசை சேர்ப்பதுதான் வழி. 902 குழல்களுக்கு இப்படித் தேடியிருக்கிறார்கள். ஒரு வரிசைக்குள் ஒலி சீராக ஏறி இறங்குவதைக் கேட்கும்போது இந்தத் தேர்வின் உழைப்பு புரியும்.

எக்காளங்கள் மட்டும் ஏன் உலோகம்? மூங்கிலில் அவற்றைச் செய்ய முடியாததற்கு இயற்பியல் காரணம் இருக்கிறது. எக்காள வரிசையில் ஒலியை எழுப்புவது பித்தளை நாக்கு, ஹார்மோனிய ரீடின் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் பொருத்தும் குழல் கூம்பு வடிவில் விரிந்தால்தான் எல்லா மேற்சுரங்களும் எழுந்து எக்காளக் குரல் வரும். நேர்க்குழாயாக இருந்தால் ஒற்றைப்படை மேற்சுரங்கள் மட்டும் வலுத்து, கிளாரினெட்போல உள்ளடங்கிய குரல்தான் கிடைக்கும். மூங்கில் நேர்க்குழாய். நாகஸ்வரம் கூம்பாகக் கடையப்பட்டிருப்பதையும் புல்லாங்குழல் நேராக இருப்பதையும் நினைத்துக்கொண்டால் செராவின் முடிவு சரி என்று தெரியும். இந்த எக்காளங்கள் ஸ்பானிய வழக்கப்படி ஆர்கன் பெட்டியின் முகப்பிலிருந்து கிடைமட்டமாக, கீழே அமர்ந்திருப்பவர்களை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒலி நேராக ஆலயத்துக்குள் பாய்கிறது என்பது ஒரு பயன். நிமிர்ந்து நிற்கும் குழல்போல வாய் திறந்து தூசியைச் சேகரிக்காது என்பது இன்னொன்று. நாக்குக்கும் அதன் படுகைக்கும் நடுவே ஒரு துகள் விழுந்தாலும் குரல் இளைத்துவிடும் என்பதால் இரண்டாவது பயனைச் சிறிதாக எண்ணக் கூடாது.

இனிப் பழுதுக்கு வருவோம். மணிலா இருக்கும் லூசோன் தீவு 1863இலும் 1880இலும் பெரும் நிலநடுக்கங்களைக் கண்டது. புயல் ஆண்டுதோறும் வரும் விருந்தாளி. கூரை போனால் ஆர்கனின் கதி என்ன என்பதைப் படிப்படியாகச் சொல்லலாம். இந்தக் கருவி என்றில்லை, ஈரநாட்டில் இருக்கும் எந்தப் பைப் ஆர்கனுக்கும் வரிசை இதுவே.

முதலில் நனைவது, குழல்கள் மேலே நிற்கிற, அவற்றுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் காற்றுப்பெட்டி. அதன் மேற்பலகை ஊதி, காயும்போது விரிசல் விடும். விரிசல் வழியே பக்கத்துச் சுரத்தின் தடத்துக்குக் காற்று ஓடும். ஒரு விசையை அழுத்தினால் அதனோடு இன்னொரு குழலும் முனகும். அடுத்து விசைக்குக் கீழே காற்றை அடைத்து வைத்திருக்கும் சிறு மூடிகளின் தோல். பூஞ்சை பிடித்துத் தோல் கல்லாகும், அல்லது எலியும் கரப்பானும் தின்றுவிடும். மூடியை மேலே தள்ளும் கம்பிச் சுருள் உப்புக்காற்றில் துருப்பிடித்துத் தளரும். அப்போது கையை எடுத்த பிறகும் சுரம் நிற்காது. வழிபாட்டு நடுவில் ஒரு குழல் தானாகக் கத்திக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் காரணம் இந்த மூடிதான். மூன்றாவது, கருவிக்குக் காற்றூட்டும் துருத்தி. மடிப்புகளில் தோல் கிழிந்து காற்றழுத்தம் தடுமாறும். பல விசைகளைச் சேர்த்து அழுத்தும்போது மொத்தக் கருவியும் சுருதி இறங்கிக் குழையும். கடைசியாகத்தான் குழல்கள் கெடும். ஆனால் மக்கள் கண்ணில் முதலில் படுவது குழல்தான். அதனால் அனுபவமில்லாதவர்கள் குழலை மாற்றக் கிளம்பிக் காசை வீணாக்குவார்கள்.

மூங்கில் குழலின் தனி நோய்கள் இரண்டு. ஒன்று, நார் ஓடும் திசையிலேயே நீளவாக்கில் பிளப்பது. இன்னொன்று உளுப்பது. பிளவு மயிரிழை அளவு இருந்தாலும் குழல் தன் சுரத்தை விட்டு எகிறிக் கீச்சிடும். பிளவை மூடப் பசை போடுவதோடு நிறுத்தக் கூடாது. சுற்றிலும் கட்டுப்போட்டு இறுக்க வேண்டும். காற்றின் ஈரம் மாறும்போதெல்லாம் மூங்கில் திரும்பவும் அதே இடத்தில் வாய் பிளக்கப் பார்க்கும். மரபான விலங்குப் பசைக்கு ஒரு நன்மை உண்டு: வெந்நீர்பட்டால் பிரித்துவிடலாம், அடுத்த தலைமுறை திருத்திக்கொள்ளலாம். ஆனால் வெப்பநாட்டு ஈரத்தில் அது இளகும், பூஞ்சையும் பூச்சியும் அதைத் தேடி வரும். செயற்கைப் பசை உறுதியாகப் பிடிக்கும், பிறகு பிரிக்க முடியாது. இரண்டில் எது என்ற கேள்விக்கு ஒவ்வொரு குழலுக்கும் தனித்தனியாகத்தான் பதில் சொல்ல முடியும்.

கிளைஸ் நிறுவனத்தின் வேலை இந்தப் பின்னணியில்தான் மதிப்பிடப்பட வேண்டும். 1882இலிருந்து ஜெர்மனியின் பான் நகரில் ஆர்கன் கட்டிவரும் பட்டறை அது. 1973இல் கருவியைப் பிரித்துக் கப்பலேற்றினார்கள். 1975இல் அது திரும்பி வந்தது. அவ்வாண்டு மே மாதம் முதல் கச்சேரி. இடைப்பட்ட காலத்தில் ஆலயக் கட்டடமும் பிரான்சிஸ்கோ மானோசா, லுட்விக் ஆல்வரெஸ் ஆகிய கட்டடக் கலைஞர்களின் பொறுப்பில் பழைய தோற்றத்துக்குத் திருப்பப்பட்டது. இரண்டையும் ஒரே காலத்தில் செய்தது இந்தத் திட்டத்தின் முதல் நல்ல முடிவு. ஒழுகும் கூரைக்குக் கீழே சீரமைத்த ஆர்கனைக் கொண்டுவந்து வைப்பதைப்போல வீண் செலவு வேறில்லை. கட்டட வேலையின் சுண்ணாம்புத் தூசி குழல்களில் இறங்காமல் தப்பியதும் கூடுதல் லாபம்.

இரண்டாவது நல்ல முடிவுதான் வேலையின் உயிர். பான் நகரத்துப் பட்டறையில் லாஸ் பின்யாஸின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் செயற்கையாக வைத்திருக்கும் அறை ஒன்றை அமைத்து அதற்குள் வேலை செய்தார்கள். இதை விளம்பரச் செய்தியாக நினைத்துக் கடந்துவிடக் கூடாது. மணிலாக் கரையில் காற்றின் ஈரப்பதம் ஆண்டில் பெரும்பகுதி 70 சதவீதத்துக்கு மேல். ஜெர்மன் குளிர்காலத்தில் சூடேற்றிய அறைக்குள் அது 30ஐ ஒட்டி இறங்கிவிடும். நூற்றைம்பது ஆண்டு கடந்த மூங்கிலை அந்த வறட்சியில் ஒரு மாதம் வைத்தால் பாதிக் குழல்கள் பட்பட்டென்று வெடித்திருக்கும். நோயைத் தீர்க்க அழைத்துச் சென்ற இடத்திலேயே ஆளைக் கொன்ற கதையாகியிருக்கும்.

வெப்பத்தின் கணக்கும் இதில் சேரும். சூடான காற்றில் ஒலி வேகமாக ஓடுகிறது, குழலின் சுருதி ஏறுகிறது. 20 டிகிரியில் நொடிக்கு 440 அதிர்வுகளுக்குச் சேர்த்த குழல், 30 டிகிரியில் 447ஐத் தொடும். அரைச் சுரத்தில் ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு. மூங்கில் குழல்கள் எல்லாம் ஒன்றாகவே ஏறுவதால் அவற்றுக்குள் அபஸ்வரம் வராது. ஆனால் எக்காளங்களின் சுருதியைத் தீர்மானிப்பது பித்தளை நாக்கின் நீளம். காற்றின் சூடு அதை அதிகம் அசைப்பதில்லை. எனவே குளிர்ந்த அறையில் சேர்த்துவைத்த இணக்கம் சூடான ஆலயத்தில் கலையும். மூங்கில் மேலே போய்விடும், எக்காளம் அங்கேயே நிற்கும். போகிற ஊரின் வெப்பத்திலேயே குரலைச் சீர்செய்தால்தான் இந்த இடைவெளியை அளந்து வேலை செய்ய முடியும்.

இதே காரணத்தால் கச்சேரிக்கு முன் சுருதி சேர்ப்பவர் மூங்கிலைத் தொடமாட்டார், எக்காளங்களை மட்டும் மூங்கிலுக்கு இணக்குவார். ஒவ்வொரு நாக்கையும் அழுத்திப் பிடித்திருக்கும் சுருதிக் கம்பியை மேலோ கீழோ ஒரு தட்டுத் தட்டினால் போதும். மூங்கில் குழல் அப்படி விளையாட இடம் தராது. உலோகக் குழலின் நுனியைக் கூம்புக் கருவியால் விரிக்கலாம், குறுக்கலாம், மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். மூங்கிலை வெட்டினால் வெட்டியதுதான். ஓரடி நீளக் குழலில் ஒரு மில்லிமீட்டர் சீவினால் சுருதி அரைச் சுரத்தில் இருபதில் ஒரு பங்கு ஏறும். சுண்டுவிரல் நீளமுள்ள உச்சக் குழல்களில் அதே ஒரு மில்லிமீட்டர் அரைச் சுரத்தில் கிட்டத்தட்ட கால் பங்கைத் தூக்கிவிடும். அவசரக்காரர் ஒருவர் ஒரு மாலையில் இந்தக் கருவியை நிரந்தரமாகக் கெடுத்துவிடலாம் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம். சீரமைப்பவர் சீவுவதற்கு முன் காற்றழுத்தம் சரியா, கால் துளையில் தூசியா, பிளவு அடைபட்டதா என்று மூன்றையும் பார்த்தாக வேண்டும். சுருதி கெட்ட பெரும்பாலான குழல்களுக்கு உண்மையில் தேவைப்படுவது மென்தூரிகையும் பொறுமையும்தான்.

குறை சொல்ல வேண்டிய இடமும் உண்டு. 1970களின் ஏற்பாடு, கருவியைக் கடல் கடந்து அனுப்பினால்தான் சரிசெய்ய முடியும் என்ற நிலையில் நடந்தது. அன்றைக்கு வேறு வழி இருந்திருக்காது. ஆனால் பைப் ஆர்கன் ஒருமுறை சரிசெய்து பூட்டிவைக்கும் பொருளல்ல. தோல் சில பத்தாண்டுகளில் சாகும். கம்பிச்சுருள் துருப்பிடிக்கும். ஈரக்காற்றில் இரண்டும் இன்னும் விரைவு. ஒவ்வொரு முறையும் 1031 குழல்களைக் கப்பலேற்ற முடியுமா?

அதற்குப் பதில்தான் 2003–04. அந்த முழுப் பராமரிப்பைச் செய்தது லாஸ் பின்யாஸிலேயே இயங்கும் தியேகோ செரா ஆர்கன் கட்டுநர் நிறுவனம். ஐரோப்பாவில் தொழில் கற்றுத் திரும்பியவர்கள் தொடங்கியது. பெயரையும் முதல் பங்குத்தந்தையிடமிருந்தே எடுத்துக்கொண்டார்கள். பிலிப்பைன்ஸ் தேசிய அருங்காட்சியகம் இந்த ஆர்கனைத் தேசியப் பண்பாட்டுக் கருவூலமாக அறிவித்ததும் 2003இல்தான். உள்ளூர்ப் பட்டறை இருப்பதால் கிடைக்கும் பயன் நடைமுறையில் இப்படி: ஒரு சுரம் நிற்காமல் கத்தினால் அன்றைக்கே ஆள் வருவார். ஒரு குழல் பிளந்தால் அதே தட்பவெப்பத்தில் பழகிய மூங்கிலில் மாற்று தேடலாம். கருவியின் நடத்தை ஈர மாதங்களிலும் உலர் மாதங்களிலும் எப்படி மாறுகிறது என்பது ஒரே கைகளுக்கு ஆண்டுக்கணக்காகத் தெரிந்திருக்கும். போஹோல் தீவின் பக்லாயோன் ஆலயத்து ஆர்கனைச் சீரமைத்ததும் இவர்களே. 2013 அக்டோபரில் நிலநடுக்கம் அந்த ஆலயத்தைச் சிதைத்தபோது, அந்த ஆர்கனை உள்ளும் புறமும் அறிந்தவர்கள் அந்த நாட்டிலேயே இருந்தார்கள். ஜெர்மானியப் பட்டறையின் கைத்திறனை மதிக்கிறோம். ஆனால் ஐம்பது ஆண்டுகள் கழித்து இந்த ஆர்கன் இன்னும் பாடுகிறதென்றால் அதில் பாதிக்கு மேல் பெருமை உள்ளூர்க் கைகளுக்குச் சேரும்.

ஒலி எப்படி? மூங்கில் வரிசைகள் தனியாக ஒலிக்கும்போது மென்மையும் காற்றும் கலந்த குரல். சுரம் தொடங்கும் கணத்தில் ஒரு சிறு "த்து" கேட்கும். புல்லாங்குழலில் துத்துக்காரம் போடுவதுபோல. வேக வரிகளில் இதனால் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகத் துலங்குகிறது. இந்தக் குரலை "மூங்கிலின் மந்திரம்" என்று சொல்கிறவர்களோடு முழுதாக உடன்பட முடியாது. குழலின் சுவர் என்ன பொருள் என்பதைவிட, வாயின் வடிவம், உதட்டின் உயரம், உட்குறுக்களவு ஆகியவைதான் குரலைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. மூங்கில் அந்த அளவுகளுக்கு எல்லை போட்டது. அந்த எல்லைக்குள் செரா கண்டுபிடித்த தீர்வுதான் நாம் கேட்கும் குரல். மந்திரம் என்று சொல்லி அவர் உழைப்பை மறைக்க வேண்டாம்.

எக்காளங்கள் சேர்ந்ததும் எல்லாம் மாறும். கிளாரின், பாஹோன்சில்யோ எனப்படும் எக்காள வரிசைகள் கீழிருப்பவர்களின் நெற்றிக்கு நேராக வருகின்றன. மென்மையான மூங்கிலுக்கும் இந்த முழக்கத்துக்கும் நடுவே பாலம் குறைவு என்பது கருவியின் இயல்பான பலவீனம். ஸ்பானிய இசைக்கு இது பலவீனமல்ல, அணி. போர் முழக்கத்தை நடிக்கும் 'பத்தால்யா' வகைப் பாடல்களும், கொர்ரேயா தெ அராவுக்சோ, கபனில்யெஸ் போன்ற ஸ்பானிய இசையமைப்பாளர்களின் இருகுரல் உருப்படிகளும் இந்தப் பிரிந்த விசைப்பலகைக்கென்றே எழுதியவைபோல அமைகின்றன. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் பெரிய படைப்புகளை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். இரண்டு மூன்று விசைப்பலகைகளும், காலால் தனிக்குரல் வாசிக்க முழுப் பெடல் வரிசையும் வேண்டும் அவற்றுக்கு. இங்கே அவற்றை வலிந்து வாசிப்பதைவிட விட்டுவிடுவதே மரியாதை.

கேட்கப் போகிறவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். 1976 முதல் நடந்துவரும் மூங்கில் ஆர்கன் விழாவின் வழக்கமான மாதம் பிப்ரவரி. உலர்ந்த பருவம் என்பதால் கருவியும் நல்ல நிலையில் இருக்கும், ஆகவே முதல் தேர்வு அதுவே. முன்வரிசையில் உட்கார வேண்டாம். ஆர்கன் பின்மாடத்தில், உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. ஆலயத்தின் நடுப்பகுதி சிறந்தது. மாடத்துக்கு நேர்கீழே அமர்ந்தால் எக்காளங்கள் தலைக்கு மேலே பறந்து போய்விடும், மூங்கில் மட்டும் மங்கலாகக் கேட்கும். விழாவுக்குப் போக முடியாதவர்கள் ஞாயிறு திருப்பலியில் கேட்பது நல்லது; இது காட்சிப் பொருளல்ல, வழிபாட்டில் உழைக்கிற கருவி. மணிலாவிலிருந்து வருகிறவர்கள் எல்.ஆர்.டி. 1 ரயிலில் 2024 நவம்பரில் திறந்த டாக்டர் சாந்தோஸ் நிலையம் வரை வந்து, அங்கிருந்து ஜீப்னி எனும் சிறு பேருந்தோ வாடகை வண்டியோ பிடிக்கலாம். மணிலாவின் சாலை நெரிசலை நம்பிக் கச்சேரிக்கு அரைமணி முன் கிளம்ப வேண்டாம்.

இந்தியா, இலங்கைக் கடற்கரை ஆலயங்களில் பழைய பைப் ஆர்கன் வைத்திருக்கும் பங்குகளும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளச் சில உண்டு. வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் கூரை, பிறகு துருத்தியும் காற்றுப்பெட்டியும், கடைசியில் குழல். மின்விசிறி பொருத்திக் காற்று ஊட்டுவதாக இருந்தால், அது ஆலயத்துக்குள்ளிருந்தே காற்றை இழுக்கட்டும். ஓட்டுக்கு அடியிலுள்ள அனல்காற்றை இழுத்தால் சுருதி ஒரு பாட்டுக்குள்ளேயே நகரும். ஞாயிறு ஒரு மணிநேரம் மட்டும் குளிர்சாதனம் போட்டு மற்ற ஆறு நாளும் அணைத்துவைப்பது, குளிர்சாதனமே இல்லாததைவிடக் கேடு. மரம் ஒவ்வொரு வாரமும் சுருங்கி விரியும். கழற்றும் ஒவ்வொரு குழலிலும் சுரத்தையும் வரிசையையும் பென்சிலால் எழுதுங்கள், ஒட்டுத்தாள் வேண்டாம், ஈரத்தில் உதிர்ந்துவிடும். மாற்றிய பழைய பாகம் எதையும் தூக்கி எறியாமல் பெட்டியில் கட்டி ஆர்கனுக்குள்ளேயே வையுங்கள். அளவெடுக்க அடுத்து வருபவருக்கு அது ஒன்றுதான் சாட்சி. ஒப்பந்தம் எழுதும்போது சீரமைப்புக்குப் பிந்தைய பராமரிப்பையும், உள்ளூர் ஆள் ஒருவருக்கு மூடித்தோல் மாற்றவும் எக்காளம் சுருதி சேர்க்கவும் கற்றுக்கொடுப்பதையும் அதே தாளில் சேருங்கள்.

லாஸ் பின்யாஸில் வாய்ப்புக் கிடைத்தால் வாசிப்பவரிடம் பஹாரித்தோஸ் ஸ்டாப்பை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். பறவைக் குரல் அது. ஸ்பானிய ஆர்கன்களில் வழக்கமாகச் சில சிறு குழல்களின் மேல்நுனியைத் தண்ணீருக்குள் கவிழ்த்து இந்த ஒலியை எடுப்பார்கள். தண்ணீர் குமிழியிடும்போது குருவிக்கூட்டம் கீச்சிடும். இத்தகைய கருவியைப் பராமரிப்பவரின் பட்டியலில் தோல், நாக்கு, கம்பிச்சுருளோடு இதுவும் ஒரு வரி: தொட்டியில் தண்ணீர் வற்றிவிட்டதா பார், ஊற்று.